ஒரே பெயரின் கீழ் மறைந்தவை: சீன ராட்சத சாலமாண்டரின் வகைப்பாடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



விலங்கியல் வகைப்பாட்டைக் கற்பிக்கிற எவரிடமும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓர் உயிரின் மரபணுவை முழுதாகப் படித்துவிட முடிகிற இந்தக் காலத்தில், லத்தீன் பெயர்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? காட்டையும் ஆற்றையும் காப்பதை விட்டுவிட்டு, பெயரைப் பற்றி ஏன் சண்டை போட வேண்டும்? நியாயமான கேள்வி. இன்றைய உரை முழுவதும் அதற்கான பதில்தான். நான் சொல்ல வருவது இது: ஓர் உயிரினத்தைக் காப்பாற்றும் வேலை அதற்குப் பெயர் வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பெயரைத் தவறாக வைத்தால், அழிப்பதும் காப்பதாகவே நமக்குத் தோன்றும். இதற்குச் சீன ராட்சத சாலமாண்டரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த விலங்கைப் பார்த்திராதவர்களே இந்த அவையில் அதிகம் இருப்பீர்கள். நம் தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க டார்ஜிலிங் பக்கம் இமயமலைக்கோ வடகிழக்கு மலைகளுக்கோதான் போக வேண்டும். படத்தில் பார்த்தால் பல்லி இனம் என்று தோன்றும். உண்மையில் அது தவளையின் உறவு, செதிலே இல்லாத இருவாழ்வி. அந்த வரிசையில் மிகப் பெரியவை ராட்சத சாலமாண்டர்கள். 1.8 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. இன்று உலகில் வாழும் இருவாழ்விகளில் இதைவிடப் பெரியது இல்லை. பிறந்தது முதல் சாகும் வரை நீரிலேயே வாழ்க்கை. குளிர்ந்த, வேகமாக ஓடும் மலை ஓடைகளில் பாறை இடுக்குகளுக்குள் பகலைக் கழித்து, இரவில் மீனையும் நண்டையும் வேட்டையாடும். நுரையீரல் இருந்தாலும் மூச்சு பெரும்பாலும் தோல் வழியாகத்தான். உடலின் இரு பக்கமும் தொங்கும் தோல்மடிப்புகள் இதற்காகவே: நீரிலிருந்து பிராணவாயுவை எடுக்கும் பரப்பை அவை பெருக்குகின்றன. கண்களுக்கு இமை இல்லை. பெண் முட்டையிட்டுப் போன பிறகு, ஆண்தான் வளைக்குள் இருந்து காவல் காக்கும்.

தோல் வழியே மூச்சுவிடும் விலங்குக்கு ஓடையின் தூய்மைதான் உயிர். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியின் வெதுவெதுப்பான கலங்கல் நீரைக் கடந்து அடுத்த மலைக்குப் போவது அதற்கு எளிதல்ல. ஆகவே ஒவ்வோர் ஆற்றுப்படுகையிலும் அது தனித்துவிடுகிறது. தனித்த கூட்டம் காலப்போக்கில் தனி இனமாகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பெயர் என்பது ஓர் உடலோடு கட்டப்பட்டது

வகைப்பாட்டு விதிகளின்படி ஒரு சிற்றினத்தின் பெயர், எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதை மூலமாதிரி என்கிறோம். கருத்து மாறலாம், வரையறை மாறலாம். பெயர் அந்த உடலை விட்டு நகராது. இந்த விதி ஏன் வந்தது என்பதை இதே குடும்பத்தின் பழைய கதை ஒன்று காட்டுகிறது.

ஜெர்மனியின் தெற்கில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில் ஓனிங்கன் என்ற ஊரின் கல்குவாரியிலிருந்து ஒரு புதைபடிவம் கிடைத்தது. மண்டையோடும் முதுகெலும்பும் தெரிந்தன, பின்பகுதி இல்லை. சூரிச் நகர மருத்துவர் யோஹன் யாக்கோப் ஷாய்க்ட்ஸர் 1726இல் அதை வெளியிட்டு, 'ஹோமோ டிலூவீ டெஸ்டிஸ்' என்று பெயரிட்டார். விவிலியம் சொல்லும் பிரளயத்துக்குச் சாட்சியான மனிதன் என்பது பொருள். ஷாய்க்ட்ஸர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆல்ப்ஸ் மலைகளின் இயற்கை வரலாற்றை உழைத்துப் பதிவு செய்தவர், அந்தக் காலத்தின் சிறந்த அறிஞர்களில் ஒருவர். புதைபடிவங்கள் பிரளயத்தில் மாண்ட உயிர்களின் எச்சம் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைக்குள் இருந்துதான் எலும்புகளைப் பார்த்தார்.

அவருக்குப் பின் ஒருவர் அதைக் கெளுத்தி வகை மீன் என்றார். இன்னொருவர் ஊர்வன என்றார். 1802இல் அந்தக் கல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1811இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஜார்ஜ் குவியே அங்கே வந்தார். படத்தை வைத்தே அது சாலமாண்டர் என்று முன்னரே முடிவுக்கு வந்திருந்தவர். கல்லுக்குள் மறைந்திருக்கும் முன்னங்கால் எப்படி இருக்கும் என்று சாலமாண்டரின் எலும்புக்கூட்டைப் பக்கத்தில் வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கல்லைச் செதுக்கினார். அவர் சொன்ன இடத்தில், சொன்ன வடிவத்தில் முன்னங்கால் எலும்புகள் வெளிவந்தன. வகைப்பாடு வெறும் கருத்து என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் நிகழ்ச்சி இது. சரியான வகைப்பாடு, இன்னும் கண்ணுக்குத் தெரியாததையும் சரியாகச் சொல்லும்.

1837இல் சுவிட்சர்லாந்தின் யோஹன் யாக்கோப் ஃபான் சூடி அந்தப் புதைபடிவத்துக்கு ஆண்ட்ரியாஸ் என்ற பேரினப் பெயரைக் கொடுத்தார். சிற்றினப் பெயர் ஏற்கெனவே ஷாய்க்ட்ஸரின் பெயரால் அமைந்திருந்தது. மனிதன் என்று தவறாகப் புரிந்துகொண்டவரின் பெயர் இன்றும் அந்தக் கல்லோடு நிற்கிறது. அவருடைய விளக்கம் விழுந்தது. அவர் வெளியிட்ட உடல் விழவில்லை. மூலமாதிரி என்ற ஏற்பாட்டின் வலிமை அதுதான்.

2. உயிரோடு வந்தவை, பெயரை இழந்தவை

புதைபடிவத்தின் உறவுகள் உயிரோடு இருக்கின்றன என்பது ஐரோப்பாவுக்கு ஜப்பானிலிருந்து தெரிய வந்தது. நாகசாகித் துறைமுகத்தின் டெஜிமா தீவில் டச்சு வணிகர்களின் மருத்துவராக இருந்த ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் உயிருள்ள ராட்சத சாலமாண்டரை நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தார். அது அங்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தது. 1836இல் விலங்கியலாளர் டெமிங்க் அந்தச் சிற்றினத்துக்கு 'ஜப்பானிக்கஸ்' என்று பெயரிட்டார். உயிருள்ளதற்கும் புதைபடிவத்துக்கும் வேறு வேறு பேரினப் பெயர்கள் நெடுங்காலம் வழங்கின. 1958இல்தான் வெஸ்ட்ஃபால் என்ற ஆய்வாளர் இரண்டையும் ஆண்ட்ரியாஸ் என்ற ஒன்றின் கீழ் கொண்டுவந்தார். இந்தப் பேரினச் சிக்கலை இங்கே விரிக்கவில்லை. அதனால் எந்த விலங்கும் சாகவில்லை.

சிற்றினச் சிக்கலில் செத்தன. 1871இல் பாரிஸில் எமில் பிளான்ஷார், சீனாவின் சிச்சுவான் பகுதியிலிருந்து பிரெஞ்சுப் பாதிரியார் ஆர்மான் டேவிட் மூலம் வந்த சாலமாண்டரை வருணித்து, அவர் பெயரால் 'டேவிடியானஸ்' என்றார். மேலைநாடுகள் பாண்டாவை அறிந்ததும் இதே டேவிட் மூலம்தான். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு, சீனாவின் எந்த மலையில் பிடித்த ராட்சத சாலமாண்டரும் பெரும்பாலும் இந்த ஒரே பெயரால்தான் வழங்கியது.

இடையில் ஒருவர் மட்டும் வேறு ஒன்றைக் கவனித்தார். லண்டன் விலங்குக்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஜார்ஜ் பூலாஞ்சே, 1924இல் அங்கே உயிரோடிருந்த ஒரு சாலமாண்டரைத் தனிச் சிற்றினமாக அறிவித்தார். அந்த விலங்கு ஹாங்காங்கில் மழை வெள்ளத்துக்குப் பின் பிடிபட்டது. அதை லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த ஸ்லைகோ பிரபுவின் பெயரால் அதை 'ஸ்லிகாய்' என்று அழைத்தார். ஹாங்காங்கில் ராட்சத சாலமாண்டர் இயல்பாக வாழ்வதில்லை. தெற்குச் சீனப் பகுதியிலிருந்து வணிகத்தின் வழியே அங்கு வந்திருக்க வேண்டும். பூலாஞ்சே காட்டிய வேறுபாடுகள் தலையின் வடிவம் போன்ற புறத்தோற்றத்தைச் சேர்ந்தவை. மாதிரியோ ஒன்றே ஒன்று. பின்வந்தவர்கள் அவை போதா என்று முடிவு செய்து ஸ்லிகாயை டேவிடியானஸோடு சேர்த்துவிட்டார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் கவனமான முடிவுதான். ஆனால் கவனமான முடிவும் ஒரு முடிவுதான். அதற்கும் விளைவு உண்டு.

3. ஒரே பெயர் என்ன செய்தது

சட்டம் பெயரைத்தான் படிக்கும். சீனாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி இது இரண்டாம் வகைப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. உலகளாவிய வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலும் முதல் பட்டியலில் இருக்கிறது. 2004இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவரும் இனம் என்று வகைப்படுத்தியது. எல்லாமே ஒரே பெயரின் மேல்.

இதே காலத்தில் இதன் இறைச்சி விலையுயர்ந்த விருந்து உணவாயிற்று. செயற்கையாகக் குஞ்சு பொரிக்கும் முறை கைகூடிய பின், 2000க்குப் பிறகு ஷான்ஷி மாகாணத்தில் தொடங்கிப் பல இடங்களில் பண்ணைகள் பெருகின. பண்ணைக்குத் தாய்விலங்கு காட்டிலிருந்துதான் வரும். ஒரு மலையிலிருந்து பிடித்ததை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள பண்ணையில் விட்டார்கள். அங்கே அது வேறோர் ஆற்றுப்படுகையின் சாலமாண்டரோடு இணைந்தது. பண்ணைக்காரருக்கு இதில் தவறு தெரியவில்லை. எல்லாம் டேவிடியானஸ்தானே! நோயும் சேர்ந்து பயணித்தது: பண்ணைகளில் ரானாவைரஸ் நோய் பரவிக் கொத்துக்கொத்தாக விலங்குகள் செத்தன.

அடுத்து நடந்ததுதான் மனத்தை மிகவும் வருத்துவது. காட்டில் எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு, பண்ணையில் பிறந்தவற்றை ஆறுகளில் விடும் திட்டம் அரசு ஆதரவோடு நடந்தது. ஆயிரக்கணக்கில் விட்டார்கள். நல்ல எண்ணத்தோடு விட்டார்கள். பாதுகாப்பு நூல்கள் சொல்வதையே செய்தார்கள். ஆனால் தெற்கத்திய ஓடையில் வடக்கத்திய வழிவந்தவையும் கலப்பினங்களும் இறங்கின. அங்கே மிஞ்சியிருந்த கடைசி உள்ளூர் விலங்குகள் அவற்றோடு இணைந்தால், பிறக்கும் குஞ்சு எந்த ஆற்றுக்கும் உரியதாக இராது. பெயர் ஒன்றாக இருந்ததால் இந்தக் கலப்பு 'மீட்பு' என்று எழுதப்பட்டது.

2018இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. ஒன்று களஆய்வு. 2013 முதல் 2016 வரை 16 மாகாணங்களில் 97 இடங்களில் ஓடை ஓடையாகத் தேடினார்கள். நான்கே இடங்களில் 24 விலங்குகள் மட்டும் கிடைத்தன. அவையும் பண்ணையிலிருந்து விடப்பட்டவையாகவே தோன்றின. மற்றொன்று மரபணு ஆய்வு. காட்டிலிருந்து கிடைத்த 70 மாதிரிகளையும் பண்ணைகளில் எடுத்த 1,034 மாதிரிகளையும் ஒப்பிட்டதில், ஒரே இனம் என்று நினைத்ததற்குள் சிற்றினம் என்று சொல்லத்தக்க அளவு பிரிந்த குறைந்தது ஐந்து வம்சங்கள் தெரிந்தன. அவை பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பண்ணைகளிலோ அவை ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படியுங்கள். நாம் இழந்துகொண்டிருந்தது ஒரு சிற்றினத்தை அல்ல, பலவற்றை. அவற்றுள் சிலவற்றுக்கு நம்மிடம் பெயரே இருக்கவில்லை. பெயரில்லாதது எந்தப் பட்டியலிலும் ஏறாது. அழிந்தாலும் அதன் அழிவைப் பதிவு செய்யப் பதிவேட்டில் ஓர் இடம் இராது.

4. பழைய பெயர் திரும்பி வந்தது

அடுத்த ஆண்டு, 2019இல், லண்டனைச் சேர்ந்த சாமுவல் டர்வியும் அவர் குழுவினரும் அருங்காட்சியக அலமாரிகளுக்குப் போனார்கள். பண்ணைகள் வருவதற்கு முன்னால், விலங்குகள் ஊர்விட்டு ஊர் போவதற்கு முன்னால் பிடிக்கப்பட்ட பழைய மாதிரிகளில்தான் கலப்பில்லாத வரலாறு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 17 பழைய மாதிரிகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மூன்று தெளிவான கிளைகள் வந்தன. ஒன்று பிளான்ஷாரின் டேவிடியானஸ். இரண்டாவது தெற்குச் சீனத்தது. மூன்றாவது, கிழக்கே ஹுவாங்ஷான் மலைப்பகுதியினது.

தெற்குக் கிளைக்குப் புதிய பெயர் தேடத் தேவை வரவில்லை. 1924இல் பூலாஞ்சே கொடுத்த ஸ்லிகாய் என்ற பெயர் காத்திருந்தது. முதலில் சரியாக வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆண்ட்ரியாஸ் ஸ்லிகாய் மீண்டும் உயிர் பெற்றது. லண்டன் விலங்குக்காட்சியகத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரே ஒரு விலங்கு, தன் இனத்தின் சாட்சியாக இத்தனை காலம் அலமாரியில் இருந்தது. உடலை எறியாமல் வைத்திருந்த அந்தக் காப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம் கல்லூரிகளில் பழைய பாட்டில்களைக் கழுவிக் கொட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

2022இல் சீன ஆய்வாளர்கள் ஜியாங்ஷி மாகாணத்தின் ஜியூலிங் மலைக் காப்பகத்திலிருந்து ஆண்ட்ரியாஸ் ஜியாங்ஷியென்சிஸ் என்ற புதிய சிற்றினத்தை வருணித்தார்கள். மக்கள் நுழையாமல் மூடிவைத்த காட்டில், கலப்பில்லாமல், காட்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் அது. 2023இல் ஹுவாங்ஷான் பகுதிக்குரியது ஆண்ட்ரியாஸ் சேனி என்று பெயர் பெற்றது.

இங்கே எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு சிற்றினம் வந்துவிடாதா? இது வீண் வாதம் அன்று. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழியாக மட்டும் வருவது. அதை மட்டும் பார்த்தால் ஒரு கலப்பினக் குஞ்சும் தூய இனமாகத் தெரியும். அதோடு, வம்சங்கள் எப்போது பிரிந்தன என்பதில் 2018ஆம் ஆண்டின் கணக்கும் 2019ஆம் ஆண்டின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. முன்னது காட்டிய காலம் இன்னும் பழையது. ஆகவே உட்கரு மரபணுவும், உடலமைப்பும், இடமும் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும் என்று கேட்பது சரி. என் நிலை இதுதான்: சந்தேகம் இருக்கும்போது பிரித்து வைப்பதில் வரும் தவறு திருத்தக்கூடியது. நாளை இரண்டும் ஒன்றே என்று தெரிந்தால் ஏட்டில் ஒரு பெயரை அடித்துவிடலாம். சேர்த்து வைத்து, ஆற்றில் கலந்துவிட்ட பிறகு, பிரிக்க எந்த வழியும் இல்லை. இரண்டு தவறுகளும் சமமானவை என்று பாடநூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

வேறு நாடுகளிலும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவின் ஹெல்பெண்டர் இதே குடும்பத்தது. அதில் ஓசார்க் மலைக் கூட்டம் 1943இல் தனி வடிவமாகப் பெயர் பெற்றிருந்தது. அந்தப் பெயரின் கீழேயே 2011இல் அதை மட்டும் தனியாக அருகிவரும் விலங்காக அந்நாட்டுச் சட்டப்படி அறிவிக்க முடிந்தது. நம் டார்ஜிலிங் சாலமாண்டரும், 1871இல் ஆண்டர்சன் என்ற விலங்கியலாளர் யுனான் பகுதி மாதிரிக்கு வைத்த பெயரைத்தான் நெடுங்காலம் சுமந்தது. 2015இல் நேபாளத்திலிருந்து டைலோடோட்ரைட்டன் ஹிமாலயானஸ் வருணிக்கப்பட்ட பிறகே நம் கிழக்கு இமயமலைக் கூட்டங்களைத் தனியாகப் பார்க்கத் தொடங்கினோம்.

5. பெயர் இன்று முடிவெடுக்க வேண்டிய இடம்

கடைசியாக ஜப்பான். அங்கே உள்ளூர் ராட்சத சாலமாண்டர் 1952 முதல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம். 1970களில் உணவுக்காகச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்த சாலமாண்டர்கள் ஓடைகளில் தப்பிச் சேர்ந்தன. கியோட்டோவின் காமோ ஆற்றில் இன்று கலப்பினங்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளூர் இனத்தைக் காக்க, சீன ராட்சத சாலமாண்டரையும் கலப்பினங்களையும் கேடு விளைவிக்கும் அயல் இனங்களாக 2024இல் ஜப்பான் அரசு அறிவித்தது. இந்த முடிவில் தவறில்லை, தாமதம்தான் தவறு.

அதே 2024இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கான்டோ நிஷிகாவாவும் அவர் குழுவினரும் ஜப்பானில் உள்ள சீன சாலமாண்டர்களின் மரபணுவைச் சோதித்தார்கள். தாய்வழி மரபணுவை மட்டும் பார்க்காமல் உட்கரு மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் நான்கு, ஸ்லிகாய். இரண்டு இறந்தவை, இரண்டு உயிருள்ளவை. ஒன்று டோக்கியோவில் ஒரு மீன் காட்சியகத்தில், மற்றொன்று ஹிரோஷிமாவில் ஒரு விலங்குக்காட்சியகத்தில். தாய்நாட்டுக் காடுகளில் இருக்கிறதா என்றே தெரியாத சிற்றினம், அயல்நாட்டில் களையென்று எண்ணப்பட்ட கூட்டத்துக்குள் இருந்தது. 2019இல் அந்தப் பெயர் மீட்கப்படாமல் இருந்திருந்தால், இந்த இரண்டும் அகற்ற வேண்டிய சீன சாலமாண்டர்கள் என்ற ஒரே வரிக்குள் அடங்கியிருக்கும். யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

உயிரோடுள்ள அந்த இரண்டும் ஆண்கள். பெண் கிடைக்காமல் இனத்தை மீட்க முடியாது. அது எங்கே இருக்கலாம்? காமோ போன்ற ஓடைகளில் பிடித்து அகற்றப்படும் விலங்குகளுள் இருக்கலாம். சீனப் பண்ணைகளின் தொட்டிகளில், கலப்புகளுக்கு நடுவே இருக்கலாம். ஆகவே ஜப்பானில் பிடிபடும் ஒவ்வொரு சீன சாலமாண்டரையும், முடிவு எடுப்பதற்கு முன்னால் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும், சீனப் பண்ணைகளில் தாய்விலங்குகளை வம்சவாரியாகப் பிரித்துப் பதிய வேண்டும் என்பதும், அதுவரை ஆற்றில் விடுவதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் என் கருத்து. இந்த அவையிலிருந்து விலங்கியலில் ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் இருந்தால், அந்தப் பதிவேட்டை எழுதும் வேலைக்குக் கை குறைவாக இருக்கிறது என்பதையும் சொல்லி முடிக்கிறேன்.